கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து மறைந்த கருப்புத் திரை

பழைய வண்ணாரப்பேட்டைக்காரன்:
ஆவணி முகூர்த்தங்கள் குவிந்திருந்த வாரம் அது. எம்.சி. சாலைக்கு அருகே கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் என் தம்பி, படம் திருத்தும் மென்பொருளின் கிராக் (காசு கட்டாமல் ஓடவைக்கும் திருட்டுப் பதிப்பு) ஒன்றை இறக்கியிருந்தான். ஜிப் கோப்புக்குக் கடவுச்சொல் இருந்தது. உள்ளே, நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடுமாறு ஒரு குறிப்பு. அதை உரக்கப் படித்ததும், நிறுத்தியதும் நான்தான். அவன் கிளிக் செய்தவுடன் கருப்புத் திரை ஒன்று தோன்றி, ஒரு எழுத்தைக்கூடப் படிப்பதற்குள் மறைந்தது. "என்னண்ணா அது?" என்றான். "எல்லா கிராக்கும் அப்படித்தான்டா" என்றேன். பிறகு விண்டோஸ் அப்டேட் போலவே ஒரு பெட்டி வந்ததால், அது முடியட்டும் என்று டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் புதிதாக நான்கெழுத்து வால் முளைத்திருந்தது. எந்தப் படமும் திறக்கவில்லை. பூட்டைத் திறக்க 980 டாலர் தர வேண்டும், 72 மணி நேரத்துக்குள் என்றால் 490 போதும் என்று எல்லா ஃபோல்டரிலும் மிரட்டல் ஓலை வைத்திருந்தார்கள். இரண்டு கல்யாணங்களின் படங்கள் கேமரா கார்டில் இருந்தன. மூன்றாவதன் கார்டை அழித்துவிட்டோம்.

வியாசர்பாடி வாசி:
மேலே எழுதியவர் கருப்புத் திரையைப் பேயைப் போலக் காட்டுவதை ஏற்க முடியவில்லை. நின்றுபோன பிரிண்டரை மீண்டும் ஓடவைக்க நான் அடிக்கடி அந்தக் கருப்புத் திரையை, அதாவது கணினிக்குக் கட்டளை எழுதும் கமாண்ட் பிராம்ப்ட்டைத்தான் திறக்கிறேன். முறையான மென்பொருள்கள் நிறுவப்படும்போதும் அது எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுண்டு. தவறு திரையில் இல்லை, நிர்வாகி அனுமதி கேட்ட பெட்டிக்கு "ஆம்" சொன்ன விரலில் இருக்கிறது. என் விரலும் ஒருமுறை தடுமாறியது. நான் ரோபோ அல்ல என்று நிரூபிக்க, விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வந்த பெட்டியில் ஒட்டி, என்டர் தட்டுமாறு ஒரு தளம் கேட்டது. ஏனோ நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். நான் எதையும் காப்பி செய்யாமலேயே மூன்று வரி நீளத்துக்கு ஒரு பவர்ஷெல் கட்டளை, அதாவது விண்டோஸை நேரடியாக வேலை வாங்கும் கட்டளை, வந்து விழுந்தது.

திருவொற்றியூர் தேரடி:
எனக்கு நேர்ந்தது சிறியது: பி.டி.எஃப் என்று நம்பித் திறந்த கோப்பின் பெயர் உண்மையில் இ.எக்ஸ்.இ என்று முடிந்திருந்தது, அதாவது அது ஆவணமல்ல, ஓடும் நிரல். எனவே முதல் வேலையாக, கோப்புப் பெயர்களின் பின்னொட்டை விண்டோஸ் மறைக்காதபடி மாற்றி வையுங்கள். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமையில்லாத தனிக் கணக்கு போதும். நகல் எடுத்த ஹார்டு டிஸ்கைக் கணினியிலேயே செருகி வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். எடுத்தவுடன் கழற்றிவிட வேண்டும். இத்தகைய கிராக்குகளோடு கடவுச்சொல் திருடும் நிரலும் வருவதுண்டு என்பதால், பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். பணம் கட்டாதீர்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். வண்ணாரப்பேட்டைக்காரரே, நீங்கள் சொல்லும் தொகையையும் போலி அப்டேட் பெட்டியையும் பார்த்தால் இது ஸ்டாப் (STOP) வகை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல். எம்சிசாஃப்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட இலவசக் கருவி சில சமயம் பூட்டைத் திறக்கும். ஓலையில் உள்ள அடையாள எண் "t1" என முடிந்தால் நம்பிக்கை உண்டு.

பழைய வண்ணாரப்பேட்டைக்காரன்:
அப்படி முடியவில்லை, ஐயா. முதலில் பார்த்ததே அதைத்தான். வியாசர்பாடிக்காரர் சொல்வதும் சரி, "ஆம்" சொன்ன விரலும் என்னுடையதே. இப்போது பெண்ணின் அப்பா, சொந்தக்காரர்கள் கைபேசியில் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். தாலி கட்டும் படம் மட்டும் இன்னும் வரவில்லை.