50,000 கோடி ஆராய்ச்சி நிதி: அறிவியலுக்கு மட்டும்தானா?

மைப்படி:
2020 தேசியக் கல்விக் கொள்கையில் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஒன்று வரப்போவதாகச் சொன்னார்கள். அறிவியல், தொழில்நுட்பம், சமூக அறிவியல், கலை என எல்லாத் துறைக்கும் அதிலிருந்து பணம் கிடைக்கும் என்று எழுதியிருந்தது. 2023இல் அதுவே அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டமாக வந்தபோது, மொழியும் வரலாறும் சமூக அறிவியலும் அறிவியல் தொழில்நுட்பத்தைத் தொடும் இடங்களில் மட்டும் உள்ளே வரலாம் என்று ஆகிவிட்டது. அந்த அறக்கட்டளைக்கு 5 ஆண்டுக்கு 50,000 கோடி ரூபாய்.

நான் கல்வெட்டு ஆய்வு மாணவி. கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்குவோம். பாதி உலர்ந்ததும் மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். அந்தத் தாளும் மையும் பேருந்துச் செலவும் என் கைக்காசு. கல்விக் கொள்கையில் எங்களுக்கும் இடம் உண்டு என்றவர்கள் பணம் வரும்போது ஏன் வெளியே நிறுத்தினார்கள்?

சோதனைக்குழாய்:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கேட்கும் இடம் தப்பு. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 0.64 விழுக்காடு. தென் கொரியா 5 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. நமக்கு வருவது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதிலும் பங்கு கேட்டால் எப்படி? போன வருடம் நாங்கள் வரவழைத்த நொதி (என்சைம்) சுங்கத்தில் நின்றுபோனது. அதைக் குளிராக வைக்கப் பெட்டியிலிருந்த உலர்பனி முழுக்கத் தீர்ந்து, நொதி கெட்டுவிட்டது. மறுபடி வாங்கப் பணம் இல்லை, ஆறு மாத வேலை நின்றது. அறிவியல் ஆய்வுக்கூடம் பணத்தில் மிதக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

திருப்பூர் நிட்டிங்:
நான் வரி கட்டுகிறவன், நேராகக் கேட்கிறேன். சாயப்பட்டறைக் கழிவுநீரைக் குறைந்த செலவில் சுத்தம் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தால் எங்கள் ஊருக்கே விடிவு. சோழர் காலத்தில் எந்த நிலம் எந்தக் கோயிலுக்குப் போனது என்று படிப்பதால் யாருக்கு என்ன கிடைக்கும்? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா.

சேத்துப்பட்டு:
காசநோய்ப் பிரிவில் 30 ஆண்டு வேலை பார்த்தவன் நான். திருப்பூர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தியது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்தார்கள், மற்றவர்களுக்கு வீட்டிலேயே மருந்து. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் நெரிசலில் இருந்து, சரியான சாப்பாடு இல்லாமல் மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகமாகப் பரவவில்லை. உலகமே சானடோரியத்தை மெல்ல மூடியது இதற்குப் பிறகுதான். அறிவியலின் வெற்றி, மறுக்கவே மாட்டேன்.

சரி, மருந்து இருக்கிறது. நோயாளியை எப்படிக் கண்டுபிடிப்பது? எக்ஸ்ரே வண்டியை ஊர் ஊராக அனுப்புவதா? அப்போது பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர் கர்நாடகத்தின் தும்கூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நோயாளிகளிடமே உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். 1963இல் வெளியான ஆய்வு. பாதிக்கும் மேற்பட்டவர்கள் இருமலோடு ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். இருமல் மருந்து ஒரு பாட்டில் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்! கிராமத்து ஆள் விவரம் தெரியாமல் வீட்டிலேயே கிடக்கிறான் என்ற நம் நினைப்புதான் தப்பு. வருகிறவரின் சளியைச் சோதித்தாலே போதும் என்று நாட்டின் காசநோய்த் திட்டம் நின்றது இந்தச் சமூகவியல் கேள்வியின் மேல். எந்த நுண்ணோக்கியும் அதைச் சொல்லியிருக்காது.

சோதனைக்குழாய்:
அருமையான உதாரணம் ஐயா. ஆனால் இது என் பக்கம்தான் பேசுகிறது. அறிவியலைத் தொடும் சமூக ஆய்வு என்று புதுச் சட்டம் சொல்வது இதைத்தான். இதற்குக் கதவு திறந்தே இருக்கிறது.

மைப்படி:
அங்கேதான் எனக்குப் பயம். எது எதைத் தொடும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். கரியை அமெரிக்காவுக்கு அனுப்பிக் காலம் கணித்தார்கள், கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போனது. அதற்குப் பணம் கேட்டால் அறிவியல் என்று கிடைத்துவிடும். பானை ஓட்டில் 'ஆதன்' என்று எழுதியிருப்பதை வாசிக்க ஒருவர் ஆண்டுக்கணக்கில் தமிழி என்ற பழைய எழுத்தைப் பழக வேண்டுமே, அவருடைய படிப்பு எந்தப் பட்டியலில் வரும்? அவர் இல்லாவிட்டால் நம்மிடம் இருப்பது ஒரு வயது மட்டும். யாருடைய வயது என்று தெரியாது.

திருப்பூர் அண்ணனுக்கு: பயன் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. தேனி பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015இல் 1,500 கோடி ஒப்புதல் ஆனபோது, அதனால் என்ன லாபம் என்று கேட்டவர்களிடம் அறிவதுதான் லாபம் என்று அறிவியலார் சொன்னார்கள். நான் அதை முழு மனதோடு ஏற்றேன். அதே அளவுகோல் எனக்கும் வேண்டும்.

சோதனைக்குழாய்:
அந்த அளவுகோலை ஒத்துக்கொள்கிறேன். ஒரே பை என்பதைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சமூக அறிவியலுக்கு 1969இலிருந்தே ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்ற ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது, வரலாற்றுக்கும் தனிக் கழகம் உண்டு. அவற்றுக்கு நிதியைக் கூட்டச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே பையில் போட்டால், பட்ஜெட் இறுகும் வருடம் முதலில் வெட்டுப்படுவது உங்கள் துறைதான்.

மைப்படி:
அந்தத் தனிப் பையை நிரப்பியிருந்தால் நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். இன்னொன்று: இந்த 50,000 கோடியில் அரசு போடுவது 14,000 கோடிதான், மீதி 36,000 கோடி வெளியிலிருந்து வர வேண்டும். கல்வெட்டுக்கு எந்தக் கம்பெனி பணம் தரும்? உங்கள் அடிப்படை அறிவியலுக்கும் தராது. அப்படியானால் அரசின் சொந்தக் காசு கம்பெனி வராத இடங்களுக்குத்தானே முதலில் போக வேண்டும்?

திருப்பூர் நிட்டிங்:
அதை ஏற்க முடியாது. கம்பெனி என்றால் எல்லாம் பெரிய கம்பெனியா? 20 மெஷின் வைத்திருக்கிறவன் கழிவுநீர் ஆராய்ச்சிக்கு எங்கே பணம் தருவான்? எங்களுக்கும் அரசுதான் செய்ய வேண்டும். ஆனால் சேத்துப்பட்டு ஐயா சொன்ன இருமல் மருந்து பாட்டில் மனதை விட்டுப் போகவில்லை. சுத்திகரிப்பு நிலையம் கட்டியும் இராத்திரியில் சாயத்தண்ணீரை ஆற்றில் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று இதுவரை ஆராய்ச்சிக்காரர் யாரும் எங்களிடம் வந்து உட்கார்ந்து கேட்டதில்லை.

சோதனைக்குழாய்:
தனிப் பை என்பதில் நான் மாறவில்லை. ஆனால் 'தொடும் இடம்' எது என்று அறிவியலார் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. அந்தக் குழுவில் கல்வெட்டு தெரிந்தவரும் கிராமத்தில் உட்கார்ந்து பேசியவரும் இருக்க வேண்டும்.

மைப்படி:
குழு விஷயத்தில் உடன்படுகிறேன். பை விஷயத்தில் இல்லை. அடுத்த வாரம் ஒரு குளக்கரைக்குப் போகிறேன். துண்டுக் கல்வெட்டு ஒன்றைத் துணி துவைக்கப் போட்டிருக்கிறார்கள். நான்கு வரி மிச்சமிருக்கிறது, மூன்றாவது வரி ஏற்கெனவே பாதி தேய்ந்துவிட்டது.