வீடியோ கோலில குடும்பமா விளையாட ஒரு கேம் செய்யிறன், புள்ளிக் கணக்கு எங்கயோ பிழைக்குது, ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ

உப்புவெளிப்பிள்ளை:

வணக்கம் எல்லாருக்கும். நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். எங்கட குடும்பம் ஏழு வீடாப் பிரிஞ்சு கிடக்கு, இங்க ரெண்டு, ரொறன்ரோவில மூண்டு, லண்டனில ஒண்டு, மெல்பேர்ணில ஒண்டு. ஞாயிறில வீடியோ கோல் எடுப்பம், ஆனா சாப்பிட்டாச்சோ, அங்க குளிரோ எண்டு பத்து நிமிசத்தில கதை முடிஞ்சு பிள்ளையள் எழும்பிப் போயிடுங்கள், அம்மம்மா மட்டும் போனைப் பிடிச்சுக்கொண்டு இருப்பா. அதைப் பாக்க ஏலாமத்தான் இந்த கேமைச் செய்யத் தொடங்கினனான்.

விளையாட்டு இதுதான். ஒவ்வொரு ரவுண்டும் ஒராளுக்கு நான் வட்ஸ்அப்பில ரகசியமா ஒரு சொல் அனுப்புவன். மழை, கோபம், கல்யாண வீடு, கன்னியா வெந்நீர் ஊத்து, மான் (எங்கட டவுனுக்குள்ள மான் திரியிறதை ஊரில பிறந்த எல்லாருக்கும் தெரியும்தானே), இப்பிடி. அவர் ஒரு நிமிசத்துக்குள்ள வீட்டுக்குள்ள தேடி அந்தச் சொல்லை நினைக்க வைக்கிற ஒரு சாமானைக் கொண்டந்து கமெராவில காட்டவேணும், வாயால ஒண்டும் சொல்லக்கூடாது. முதல்ல கத்திச் சொல்லுறவருக்கு 2 புள்ளி, சாமான் கொண்டந்தவருக்கு 1. ஒருத்தரும் கண்டுபிடிக்காட்டி ரெண்டு பக்கமும் பூச்சியம்.

மூண்டு தரம் விளையாடிப் பாத்தம். முதல் பிரச்சினை இந்தக் கத்துறது. நாங்க இங்க போன் டேட்டாவில இருக்கிறம், நாங்க சொல்லுறது அங்க போய்ச் சேர முதல் ரொறன்ரோ மச்சான் சொல்லி முடிச்சிடுவார், ரெண்டு பேர் ஒண்டாக் கத்தினா ஒராளின்ர சத்தம் அப்பிடியே அமுங்கிப்போகுது, கடைசியா விளையாடேக்க நான்தான் முதல் எண்டு ரெண்டு பெடியளுக்கும் உண்மையான சண்டை வந்து ஒராள் அழுதுகொண்டு எழும்பிப் போட்டார்.

மற்றது அம்மம்மா. அவவுக்கு மழை எண்ட சொல் போனது. அவ குசினிக்குள்ள போய் ஒரு சுளகைத் தூக்கிக்கொண்டு வந்தா. ஒருத்தருக்கும் விளங்கேல்ல. நேரம் முடிஞ்சாப் பிறகுதான் சொன்னா, முத்தத்தில மிளகாய் காயப்போட்டிருக்கேக்க மழை இருட்டினா முதல்ல ஓடிப்போய் எடுக்கிறது சுளகைத்தானே எண்டு. அதோட நிக்கேல்ல, பிள்ளையள் கேட்க அரிசி போட்டுப் புடைச்சும் காட்டினவ, ஏழு வீட்டிலயும் ஒருத்தர் அசையேல்ல. என்ர கேமில எல்லாரும் விரும்பிப் பாத்த இடம் அதுதான், அதுக்கு என்ர கணக்கில விழுந்தது பூச்சியம். இதை எப்பிடித் திருத்துறது? கோலும் இலவசக் கணக்கு, 40 நிமிசத்தில நிண்டுடும், ஏழு வீடும் ஒரு சுற்று முடிக்க அது காணாம இருக்கு.

ஓர்ஸ்ஹில்காரன்:

தங்கச்சி, கத்துற விதியை முதல்ல எடுத்துவிடுங்கோ, அது உங்கட டேட்டா பிழை இல்ல. நேர இருந்து கதைக்கேக்க ஒராள் நிப்பாட்ட மற்றாள் தொடங்கிற இடைவெளி சராசரியா 200 மில்லிசெக்கன் அளவுதான், 2009ல பத்து மொழியளை வைச்சுச் செய்த ஆய்வில எல்லா மொழியும் அந்தப் பக்கத்திலதான் வந்தது. குரல் ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கம் போக 150 மில்லிசெக்கனுக்குள்ள எடுத்தாத்தான் கதை இயல்பா இருக்கும் எண்டு சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்லுது. இங்க இருந்து ரொறன்ரோ நேர் கோட்டில கிட்டத்தட்ட 14,000 கிலோமீற்றர், கண்ணாடி நாருக்குள்ள ஒளி செக்கனுக்கு 2 லட்சம் கிலோமீற்றர் அளவிலதான் ஓடும், அதுக்கே 70 மில்லிசெக்கன் போட்டுது, கேபிளும் நேர போறதில்ல, பிறகு வீடியோவைச் சுருக்கி அனுப்பி விரிக்கிற நேரம் வேற. எவ்வளவு காசு குடுத்து நல்ல லைன் எடுத்தாலும் முதல் ஆர் எண்டு நீதியாச் சொல்ல ஏலாது. ரொறன்ரோ மூண்டு வீட்டுக்கும் இடையில ஒரு நேரம், உங்களுக்கும் அவைக்கும் இடையில வேற நேரம்.

கத்துறதுக்குப் பதிலா எழுத வையுங்கோ. எல்லாரும் தாளில மொத்த மார்க்கரால விடையை எழுதி கவிட்டு வைக்கட்டும், நீங்க ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு எண்ண எல்லாரும் ஒண்டாத் தூக்கிக் காட்டட்டும். அரை செக்கன் முந்திப் பிந்தினாலும் ஒண்டும் மாறாது. ரெண்டு விசயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கோ. தன்ர படம் தனக்குக் கண்ணாடி மாதிரி இடம் வலம் மாறித் தெரியும், எழுத்து பிழையாக் கிடக்கு எண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பாப்பினம், மற்றாக்களுக்கு அது சரியாத்தான் தெரியும். மற்றது பின்பக்கத்தை மங்கலாக்கிற செட்டிங்கை நிப்பாட்டச் சொல்லுங்கோ, அது தூக்கிக் காட்டுற தாளையும் சாமானையும் விழுங்கிப்போடும்.

புள்ளிக்கு 2008ல வந்த டிக்ஸிட் எண்ட மேசை விளையாட்டில ஒரு நல்ல விதி இருக்கு. எல்லாரும் கண்டுபிடிச்சாலும் குறிப்புக் குடுத்தவருக்குப் பூச்சியம், ஒருத்தரும் கண்டுபிடிக்காட்டியும் பூச்சியம், சிலபேர் மட்டும் பிடிச்சாத்தான் அவருக்குப் புள்ளி. இதை எடுத்தீங்கள் எண்டா மழைக்குக் குடையைத் தூக்கிக்கொண்டு வாறதை ஆக்கள் தாங்களாவே விட்டிடுவினம்.

நேரத்துக்கு: ஒரு வீட்டுக்கு 3 நிமிசம், ஏழு வீட்டுக்கு 21, விதி சொல்ல 5. 40க்குள்ள வசதியா முடியும், ஒரு சுற்றோட நிப்பாட்டுங்கோ.

கிண்ணியாப் பாலம்:

டிக்ஸிட் விதி நல்லது, ஆனா அதை அப்பிடியே போட்டா அந்தச் சுளகுக்கு திரும்பவும் பூச்சியம்தானே வரும், ஒருத்தரும் கண்டுபிடிக்கல்லயே. நாங்க பெருநாளைக்கு கட்டார்ல இருக்கிற நானாமாரோட இதே மாதிரி ஒண்டு விளையாடுறநாங்க. எங்கட வழக்கம், விடையைச் சொன்னதுக்குப் பிறகு எந்தப் பிள்ளையாவது "இது என்ன?" எண்டு கேட்டா சாமான் கொண்டுவந்தவருக்கு ஒரு புள்ளி, அவர் ஒரு நிமிசம் அதைப் பத்திச் சொல்லவேணும். வயசாளிகள் வெல்லத் தொடங்கினது அதுக்குப் பிறகுதான்.

இன்னொண்டு, எங்கட உம்மா கமெராவுக்கு முகம் காட்ட விரும்பமாட்டா. அதால எங்கட விதியில கமெரா மேசையைப் பாத்துத்தான் இருக்கவேணும், கையும் சாமானும் தெரிஞ்சாக் காணும். அதுக்குப் பிறகு மாமிமாரும் வந்து சேர்ந்தாங்க. உங்கட கேமுக்கும் இது பொருந்தும், முகம் இதில தேவைப்படுறதே இல்ல.

ஓர்ஸ்ஹில்காரன்:

"இது என்ன" புள்ளி நல்லாருக்கு, நான் யோசிக்காத ஒண்டு. ஒரு ஓட்டை மட்டும் கிடக்கு, சொல்லுக்குச் சம்பந்தமே இல்லாத புதினச் சாமானாப் பாத்துத் தூக்கிக்கொண்டு வருவினம். சாமானுக்கும் சொல்லுக்கும் என்ன தொடர்பு எண்டு அந்த ஒரு நிமிசத்துக்குள்ள சொன்னாத்தான் புள்ளி எண்டு வையுங்கோ, சுளகுக்கு அது தாராளமா இருக்கு.

மற்றது அடுத்த டெஸ்டைக் குடும்பத்தோட செய்யாதேங்கோ. சொந்தக்காரர் நல்லாருக்கு எண்டுதான் சொல்லுவினம், அவைக்கு உங்களில விருப்பம். உங்களைத் தெரியாத நாலு வீட்டுக்கு விதியை எழுதி அனுப்பிப்போட்டு, சொல்லையும் வேற ஒராளை அனுப்பச் சொல்லிப்போட்டு, கோலில மைக்கை நிப்பாட்டிக்கொண்டு இருங்கோ. அவை தடக்குப்படேக்க வாயைத் திறந்து விளங்கப்படுத்த ஆசை வரும், திறக்காதேங்கோ, நீங்க சொல்லிக் குடுக்க நினைக்கிற ஒவ்வொரு இடமும் எழுதின விதியில குறையிற வசனம். எப்ப போனைக் குனிஞ்சு பாத்தினம், எப்ப முன்னுக்கு வந்து இருந்தினம் எண்டு நேரத்தோட கொப்பியில எழுதுங்கோ. ஒரு டெஸ்டுக்கு ஒரு விதியைத்தான் மாத்தவேணும், இல்லாட்டி எது வேலை செய்தது எண்டு தெரியாது.

உப்புவெளிப்பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி, நேற்று என்னோட வேலை செய்யிற அக்காவின்ர சிநேகிதர் நாலு வீட்டை வைச்சு நான் வாய் திறக்காம பாத்தன், தாள் விதியை மட்டும்தான் மாத்தினனான். சண்டை ஒண்டும் வரேல்ல. ஆனா ரெண்டாவது ரவுண்டில ஒருத்தர் கடல் எண்டு எழுத மற்றவர் டச்பே (எங்கட டவுன் கடற்கரை) எண்டு எழுதினார், சொல் கடல், ரெண்டும் சரியோ எண்டு ஆறு நிமிசம் கதைச்சினம், என்ர விதியில அதுக்கு ஒரு வரியும் இல்ல. சாமான் கொண்டந்தவர்தான் தீர்ப்புச் சொல்லவேணும் எண்டு இப்ப எழுதிச் சேர்த்திட்டன். அடுத்ததுக்கு "இது என்ன" புள்ளியை வைச்சுப் பாக்கப்போறன், டிக்ஸிட் விதி அதுக்கும் அடுத்தது. மேசைக் கமெரா விசயம் பெரிய உதவி, லண்டன் மாமியும் இனி வருவா எண்டு நினைக்கிறன்.

இன்னும் ஒரு கேள்வி. எங்களுக்குப் பின்னேரம் 5.30 எண்டா இப்ப ரொறன்ரோவில காலமை 8, லண்டனில மத்தியானம் 1, மெல்பேர்ணில இரவு 10. அங்க பிள்ளையள் நித்திரையாப் போயிடும். என்ன செய்யலாம்?

கிண்ணியாப் பாலம்:

மெல்பேர்ண் வீட்டுக்கு முதல் சொல்லைக் குடுங்க, அவங்க ரவுண்டு முடிஞ்சதும் பிள்ளைகள் படுக்கட்டும், பெரியாக்கள் இருந்து மிச்சத்துக்கு விடை எழுதலாம். ரெண்டாவதா அம்மம்மா, அப்பதான் பிள்ளைகள் அவவைப் பாத்திட்டுப் படுக்கலாம்.

உப்புவெளிப்பிள்ளை:

அப்பிடியே செய்யிறன். அம்மம்மாவுக்கு இன்னும் சொல் அனுப்பேல்ல, அவ அதுக்கு முதலே அலுமாரிக்கு மேல கிடந்த திருவலை, உரி, பழைய மூக்குப்பேணி எல்லாத்தையும் இறக்கிக் கழுவி வெயிலில வைச்சிருக்கிறா.