புதுப்பிப்பு: அப்பாயி கடைச் சீட்டில் இருந்த எழுத்துகள்

கும்பகோணத்தில் எங்கள் அப்பாயி நடத்திய டிபார்ட்மென்டல் ஸ்டோரைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது, பரணில் கிடைத்த எவர்சில்வர் டிபன் கேரியரின் விலைச் சீட்டில் 42 ரூபாய்க்குக் கீழே பென்சிலால் 'திவே' என்றிருப்பதைக் குறிப்பிட்டு, அது சரக்கு அனுப்பியவரின் பெயர்ச் சுருக்கமாக இருக்கலாம் என்று ஊகித்திருந்தேன். அந்த ஊகம் தவறு.

பள்ளி விடுமுறைகளில் கல்லாவில் உட்கார்ந்த பெரிய அத்தை, சீட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். 'செந்தில்வேலன் துணை' என்பதில் உள்ள ஒன்பது எழுத்துகளும் வரிசையாக 1 முதல் 9 வரையிலான எண்களைக் குறிக்குமாம். சுழியத்துக்கு ஒரு புள்ளி. தி 3, வே 5. ஆகவே கொள்முதல் விலை 35 ரூபாய். வாடிக்கையாளர் பேரம் பேசும்போது, எதுவரை இறங்கலாம் என்பதை விற்பனைப் பையன்களைக் கேட்காமலேயே அப்பாயி அறிந்துகொள்வதற்கான ஏற்பாடு இது. ஜவுளிக் கடைகளிலும் இத்தகைய குறிகள் உண்டு என்றாலும், மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அப்பாயி தாமே இதை அமைத்துக்கொண்டார் என்பது எனக்குப் புதிய செய்தி.

25 பைசா நாணயம் 2011 ஜூன் 30-இல் செல்லாததான பிறகும் நாலணாக் கணக்கை விடாதவர் அவர். மீதமுள்ள சீட்டுகளை இப்போது ஒவ்வொன்றாகப் படித்துவருகிறேன். ஒரு பொம்மைக்கு மட்டும் வாங்கிய விலையும் விற்ற விலையும் ஒன்றாகவே இருக்கின்றன.