ஸ்பிரூ இதழின் ஸ்மர்ஃப் குட்டிப் புத்தகம்: வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

தாள்பூச்சி: ஸ்மர்ஃப்கள்னு சொல்ற நீலக் குள்ளர்களின் முதல் தனிக்கதை வந்த 1959 ஸ்பிரூ (பெல்ஜியக் காமிக்ஸ் வார இதழ்) பிரதி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கு. முழுசா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பழைய பைண்டிங்: நடுப்பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்க. கதை அச்சானதே நடுத்தாள்களில்தான். வாசகர் அதைக் கழற்றி, மடித்து, வெட்டி 48 பக்கக் குட்டிப் புத்தகமா ஆக்கிக்கணும். அதனாலதான் நடுத்தாள் இல்லாத இதழ்கள் சந்தையில் சுத்துது. ஸ்டேபிள் பின் குத்தின துளை அகலமா கிழிஞ்சிருந்தா, கழற்றித் திரும்பச் செருகியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

மடிப்புக்கத்தி: ஏற்கெனவே வெட்டின பிரதின்னா பக்கங்களை எண்ணிப் பாருங்க, வரிசையையும் சேர்த்து. கோடு தப்பி வெட்டியிருந்தா ஓரத்துப் பேச்சு பலூனில் (வசனக் குமிழில்) எழுத்து போயிருக்கும். வெட்டாத தாள் கிடைச்சா கத்தரியைத் தொடாதீங்க. நகல் எடுத்து அதை மடிங்க.

தாள்பூச்சி: விற்பவர் "ஸ்மர்ஃப் முதன்முதலா தோன்றியதே இதில்தான்"னு சொல்றாரே?

பழைய பைண்டிங்: அது விலை ஏத்துற பேச்சு. அறிமுகம் 1958 அக்டோபர் 23, ஸ்மர்ஃபை உருவாக்கிய ஓவியர் பேயோவின் இன்னொரு காமிக்ஸான ஜோஹன்-பிர்லூயி தொடர்கதையில். 1963 ஆல்பமும் (தனிப் புத்தகமா வந்த காமிக்ஸ்) வேற சரக்கு: குட்டிப் புத்தகத்தில் வந்த அதே கதைதான், ஆனா புதுசா வரைஞ்சது.