நல்ல குடித்தனக்காரர் நீண்ட நாள் இருக்க வீட்டு உரிமையாளர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: மேல்மாடி, குரோம்பேட்டை

வணக்கம். எங்கள் வீட்டு மேல்மாடியில் சில ஆண்டுகளாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிடும். வீட்டையும் சொந்த வீடு போலவே வைத்திருக்கிறார்கள். இப்போது 18,000 ரூபாய் வாங்குகிறோம். தெருவில் இதே அளவு வீட்டுக்கு 20,000 கிடைக்கும் என்று தரகர் சொன்னதிலிருந்து, அந்த அளவுக்கு உயர்த்திவிடலாம், ஒத்துவராவிட்டால் வேறு ஆள் பார்க்கலாம் என்கிறார் என் கணவர். எனக்கோ இவர்களை இழக்க மனமில்லை. பழைய ஒப்பந்தம் முடிந்த பிறகு புதிதாக எழுதவில்லை. மின்கட்டணத்தைத் துணை மீட்டர் பார்த்து யூனிட் கணக்கில் வாங்குகிறோம். பள்ளித் தேர்வு முடிந்ததும் அவர்கள் வேறு வீடு பார்க்கக்கூடும் என்று கேள்விப்பட்டேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: தாம்பரம் வீட்டுக்காரர்

அம்மா, முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 2,000 கூடுதலாக வாங்கினால் ஆண்டுக்கு 24,000 வரும். அவர்கள் காலி செய்து, வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே 18,000 போய்விடும். அதன்மேல் வெள்ளையடிக்கும் செலவு, தரகருக்குக் கொடுப்பது என்று சேர்த்தால் முதல் ஆண்டின் உயர்வு முழுவதும் கரைந்துவிடும். ஆடியிலோ மார்கழியிலோ காலியானால் யாரும் குடிவர மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நான் ஆண்டுக்கு 5 சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் வாடகைக்கு அது 900 ரூபாய். எப்போது, எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே தெரிந்தால் சம்பளக்காரர்கள் அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்வார்கள். திடீரென்று வந்து நிற்கும் உயர்வுதான் அவர்களைக் கிளப்பிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் வழக்கம் இருப்பதால், உங்கள் வாடகைக்கு அது 1,80,000 ஆகிறது. பலர் அதைச் செலவழித்துவிட்டு, புதிதாக வருபவர் அட்வான்ஸ் கொடுத்த பிறகே பழையவருக்குத் திருப்பித் தருகிறார்கள். போகிறவர் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டக் கடன் வாங்கி அலைகிறார். இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். அந்தத் தொகையைத் தனி வைப்பாக வங்கியில் போட்டு வையுங்கள். கேட்ட நாளில் பணம் வரும் என்ற நம்பிக்கை இருப்பவர் அவசரப்பட்டு வெளியேற மாட்டார்.

பதில்: பத்தாண்டு வாடகை வீடு, மேடவாக்கம்

குடித்தனக்காரர் பக்கமிருந்து சொல்கிறேன். 900 ரூபாய் உயர்வுக்காக வீடு மாறுவோர் குறைவு; பிள்ளைகளின் பள்ளி, சாமான் ஏற்றும் வண்டி, எரிவாயு இணைப்பு மாற்றம் என்று எங்களுக்கும் பெரிய அலைச்சல் இருக்கிறது. எங்களை நகர்த்துபவை தண்ணீரும் மின்சாரமுந்தான். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்ட 2019 கோடையில், லாரித் தண்ணீர்ச் செலவை எப்படிப் பகிர்வது என்று முன்பே பேசி வைக்காத வீடுகளில் மாதந்தோறும் சண்டைதான் நடந்தது. மின்கட்டணத்திலும் அப்படியே. ஒரே இணைப்பில் இரண்டு குடும்பங்கள் இருந்தால் மொத்த யூனிட் கூடி மேல் அடுக்குக் கட்டணத்துக்குப் போய்விடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச யூனிட்டும் அந்த ஒரே இணைப்புக்குத்தான் வரும். அது யாருக்குப் போகிறது என்று நாங்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டோம், ஆனால் மனதில் இருக்கும். மாடிக்குத் தனி இணைப்பு வாங்கித் தர முடிந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

சொல்லாமல் மேலே வந்து சமையலறையை எட்டிப் பார்க்காதீர்கள். உறவினர் தங்கினால் கணக்குக் கேட்காதீர்கள். குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் அந்த வாரமே பிளம்பரை அனுப்புங்கள். அடுத்த கோடையிலும் இதே வீட்டில் இருப்போமா என்பதை நாங்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

பதில்: ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்

சட்ட விவரம் மட்டும் சேர்க்கிறேன். தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்ற பழைய எண்ணம் இங்கே செல்லாது. ஆகவே புதிய ஒப்பந்தத்தை முதலில் முடியுங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் வெள்ளையடிப்பு, கட்டடப் பழுது, மின்கம்பி, குழாய் மாற்றம் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கழிவறை, வாஷ்பேசின் பழுது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. காலி செய்யும்போது வெள்ளையடிப்புக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை ஒப்பந்தத்தில் எழுதாமல் பின்பற்றாதீர்கள். எவ்வளவு தகராறு இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை.

அவர்கள் சம்பளக்காரர்களாக இருந்து, பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கோரினால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் உங்கள் பான் எண்ணைக் கேட்பார்கள். தயங்காமல் கொடுங்கள், மாதந்தோறும் ரசீதும் கொடுங்கள். வாடகை வருமானத்தில் சொத்துவரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு உங்களுக்கும் உண்டு.