பெரிய டர்போ போட்டேன், பூஸ்ட் எழும்பவே மாட்டேங்குது

கேள்வி: 2 லிட்டர், 4 சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார். 300 குதிரைத்திறன் போதும்னுதான் ஆரம்பிச்சேன். ஆசை யாரை விட்டது, 500-க்கான டர்போவை (புகை வேகத்துல சுழன்று எஞ்சினுக்குள்ள காற்றை அழுத்தித் தள்ளுற கருவி) மாட்டிட்டேன். இப்போ 4500 ஆர்பிஎம் வரைக்கும் பூஸ்டே, அதாவது டர்போ தர்ற கூடுதல் காற்றழுத்தமே, இல்ல. வளைவு முடிஞ்சு மிதிச்சா கொட்டாவி விட்டுட்டுத்தான் கிளம்புது. டர்பைன் ஹவுசிங்கை (புகை சுழற்றுற சக்கரத்தோட கூடு) மட்டும் சின்னதா மாத்தினா போதுமா?

பதில்: ஓரளவுக்கு. அந்த ஹவுசிங்கோட அளவு விகிதமான ஏ/ஆர் குறைஞ்சா சீக்கிரம் சுழலும், ஆனா மேல் ஆர்பிஎம்ல மூச்சு முட்டும். 10 குதிரைத்திறனுக்கு நிமிஷத்துக்குச் சுமாரா 1 பவுண்டு காற்று வேணும். நீங்க முதல்ல நினைச்ச 300-க்கு 30 பவுண்டு போதும். கம்ப்ரசர் மேப்ல (டர்போவோட காற்றோட்டத்தையும் அழுத்தத்தையும் காட்டுற வரைபடம்) அந்தப் புள்ளி சர்ஜ் கோட்டுக்கு (அதைத் தாண்டி இடப்பக்கம் போனா காற்று திரும்பி அடிக்கும்) வலப்பக்கம் விழுதான்னு பாருங்க.

பதில்: மேனிஃபோல்டு (எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோற குழாய்த் தொகுதி) ட்வின் ஸ்க்ரோலா, அதாவது ரெண்டு தனி வழியா? சிலிண்டர்களை 1-4, 2-3ன்னு பிரிச்சா லேக் (பூஸ்ட் வர்ற தாமதம்) குறையும்.

கேட்டவர்: சிங்கிள்தான். 30-ஆ! நான் வாங்கினது 50. வித்துட வேண்டியதுதான்.