கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவிலிருந்து தாத்தாவுக்கு வந்த கடிதங்கள்: வாசிக்க உதவி வேண்டும்

விளாத்திகுளத்துக்காரன் (கேள்வி):

எங்கள் தாத்தா தூத்துக்குடியில் வத்தல், மல்லி கமிஷன் மண்டி வைத்திருந்தார். விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் சம்சாரிகளிடம் (விவசாயிகளிடம்) வத்தல் வாங்கி, மூடை பிடித்து, தோணியில் கொழும்புக்கு ஏற்றுவார். அங்கே புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் சரக்கை இறக்கி விற்றுக் கொடுத்தார். அவர் எழுதிய கடிதங்களும் தாத்தாவின் பேரேடு ஒன்றும் தகரப் பெட்டியில் கிடந்து, பழைய வீட்டை இடிக்கும்போது என் கைக்கு வந்தன.

ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் 786. அப்புறம் ‘அண்ணாச்சி அவர்களுக்கு’ என்று தொடங்கி, நலம் விசாரித்த கையோடு அந்தருக்கு (அந்தக் கால எடை அளவு) என்ன விலை போனது, எத்தனை மூடை ஈரம் தட்டியது என்று கணக்குக்குள் போய்விடுகிறார். படிக்கப் படிக்க விட மனசில்லை. ஆனால் பல இடங்கள் பிடிபடவில்லை.

நான் அதிகம் தடுமாறுவது ஒரு கடிதத்தில். தேதி இருக்கும் இடத்தில் ‘1117 பங்குனி’ என்று இருக்கிறது. உறையின் இடது ஓரத்தைக் கத்தரித்துப் பிறகு ஒரு காகிதப் பட்டையால் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே ‘ஞாயிற்றுக்கிழமை காலை’ என்று தொடங்கும் இடத்தில் இரண்டு வரியைக் கறுப்பு மையால் அடித்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. அதற்குக் கீழே சரக்குக்குச் சேதமில்லை, கடைப் பையன்கள் ஊருக்குப் போக நிற்கிறார்கள், தான் கடையை விட்டு வருவதாக இல்லை, அரிசிதான் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. பல கடிதங்களில் அடிப்பாகம் இல்லை. செல்லரித்தது அல்ல, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருக்கிறது. கிழிக்காத இரண்டே கடிதங்களில் அந்த இடத்தில் அரபி எழுத்தில் நாலைந்து வரிகள். பேரேட்டில் அந்தக் காயல் கூட்டாளியின் பக்கத்தில் மாதாமாதம் ௶ போட்டு ‘கா. வீ. 30’ என்று வருகிறது. காலி வீசை என்று ஏதாவது எடைக் கழிவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை பத்திர எழுத்தர்:

1117 என்பது கொல்லம் ஆண்டு. நம் ஜில்லாவில் பழைய பத்திரங்களில் இது இல்லாத பத்திரம் குறைவு. நம் பக்கத்தில் ஆவணியில் ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் மார்கழி பாதி வரைக்கும் 824-ஐக் கூட்டுங்கள், அதற்குப் பிறகு ஆடி வரைக்கும் 825. ஆக 1117 பங்குனி என்றால் 1942 மார்ச், ஏப்ரல்.

அந்த ஞாயிறு எதுவென்று இப்போது தெரிந்துவிட்டதே. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அன்று காலையில்தான் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. துறைமுகமும் புறக்கோட்டையும் பக்கம் பக்கம். அடுத்த நாட்களில் கொழும்பிலிருந்து நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் தலைமன்னார் வழியாக ஊர் திரும்பினார்கள். கப்பல், துறைமுகம், சேதம் என்று எதை எழுதினாலும் போர்க்காலத் தணிக்கையில் அடித்துவிடுவார்கள். உறையைக் கத்தரித்து ஒட்டியதும் அவர்கள்தான். அரிசிக்கும் காரணம் இருக்கிறது. இலங்கை பர்மா அரிசியை நம்பியிருந்த நாடு. அந்த மார்ச்சில்தான் பர்மாவின் ரங்கூன் ஜப்பான் கையில் விழுந்தது.

௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு. தொகையில் சதம் என்று வந்தால் அது இலங்கைக் காசு, அணா பைசா வந்தால் நம் காசு. அப்போது இரண்டு ரூபாயும் ஒரே மதிப்பு என்பதால் வட்டம் (காசு மாற்றும் கழிவு) கழிக்காமல் அப்படியே கூட்டலாம்.

ஆனால் ‘கா. வீ.’ கழிவாக இருக்காது. கழிவு என்றால் சரக்கு வந்த மாதத்தில் மட்டும்தானே விழும்? சரக்கு போகாத மாதத்திலும் அந்த 30 இருக்கிறதா என்று பாருங்கள்.

காயல்வாசி:

அது அரபி இல்லை, அரபுத்தமிழ். நம் தமிழையே அரபி எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுவது. அரபியில் இல்லாத ங, ள, ழ போன்றவற்றுக்குப் புள்ளி கூட்டிப் புது எழுத்து வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்களில் பலர் தமிழ் எழுத்து படிக்காதவர்கள், ஆனால் குர்ஆன் ஓதக் கற்றதால் இதைத் தடங்கலில்லாமல் படிப்பார்கள். அதனால் உங்கள் தாத்தாவுக்கு எழுதியதல்ல அந்த வரிகள். படத்தைப் போடுங்கள்.

(பிறகு) பார்த்தேன். உம்மாவுக்கு எழுதியிருக்கிறார். மாதம் பிறந்ததும் மண்டியிலிருந்து ஆள் வந்து பணம் தரும், நகை எதையும் அடகு வைக்க வேண்டாம், கண்ணுக்கு மருந்து போடுவதை நிறுத்த வேண்டாம் என்கிறார். குண்டு விழுந்ததைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இரண்டாவது படத்தில் மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்திருக்கிறது, மெதுவாகப் பார்த்துச் சொல்கிறேன். ‘கா. வீ.’ காயல் வீடுதான், எனக்குச் சந்தேகமே இல்லை.

நூலகத்தில் வேலை பார்ப்பவள்:

மடிப்பை இனி நீங்களாக நிமிர்த்தாதீர்கள். செல்லோ டேப் ஒட்டுவதும் லேமினேட் பண்ணுவதும் கூடவே கூடாது. ஜன்னல் ஓரத்தில், வெயில் நேராக விழாத இடத்தில் வைத்துப் படம் எடுங்கள். தகரப் பெட்டியிலிருந்து மாற்றிவிடுங்கள். அமிலமில்லாத காகிதம் ஒவ்வொன்றுக்கும் இடையில் வேண்டும்.

விளாத்திகுளத்துக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பத்திர எழுத்தர் அண்ணாச்சி சொன்னபடி பேரேட்டை ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். சித்திரபானு வருஷம் சித்திரையிலிருந்து, அதாவது அந்தக் குண்டு விழுந்த மறு மாதத்திலிருந்து, கூட்டாளி பக்கத்தில் வரவே இல்லை. தோணி போகவில்லை, அங்கிருந்து உண்டியலும் (பணம் அனுப்பும் சீட்டு) வரவில்லை. ஆனால் ‘கா. வீ. 30’ ஒரு மாதம்கூட விடாமல் பங்குனி வரைக்கும் எழுதியிருக்கிறது. அதே வருஷம் தாத்தா பாட்டியின் வளையலை அடகு வைத்ததும் இந்தப் பேரேட்டில்தான் இருக்கிறது. அதை யாருக்கும் சொல்லாமலேயே இருந்திருக்கிறார். அடுத்த சுபானு வருஷம் ஐப்பசியில் கொழும்பிலிருந்து ரூ. 360 வரவு. இடையில் வட்டி என்று ஒரு காசு எழுதவில்லை.

அப்படியானால் கிழித்த துண்டுகள் பணத்தோடு காயலுக்குப் போயிருக்கின்றன. கிழிக்காத இரண்டும் ஏனோ போகவில்லை. காயல்வாசி, அந்தக் குடும்பம் யாரென்று விசாரிக்க முடியுமா? கூட்டாளியின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், இங்கே போட விருப்பமில்லை. அந்த இரண்டின் அசலும் அவர்களுக்குச் சேர வேண்டியது. பிரதி எடுத்துக்கொண்டு நானே நேரில் வந்து கொடுக்கிறேன்.

காயல்வாசி:

அனுப்புங்கள். கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்களைப் பற்றி எங்கள் தெருவில் விவரம் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.